இடது கண்ணில் வராத கட்டி

கட்டி ஒன்றுதான். வலது கண்ணின் மேல் இமையில், முடிகளுக்கு அடியில், மிளகளவுக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை காலை பல் விளக்கும்போது ஓட்டுநர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். "வந்துட்டியா" என்று கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். கண்கட்டி அழையாத விருந்தாளி மாதிரி. கண்டுகொள்ளாவிட்டால் நாலைந்து நாளில் தானாகப் போய்விடும் என்பது அவர் அனுபவம்.

அவர் பத்தொன்பது வருஷமாகப் பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவர். பணிமனையில் புறப்பட்டு, கடைத்தெரு, பள்ளிக்கூட வளைவு, பாலம் எல்லாம் தாண்டி, பெரிய மருத்துவமனை வாசலில் போய் நிற்கும் பஸ் அது. பள்ளிக்கூட வளைவில் அவர் திருப்பும்போது நின்றுகொண்டு வருகிறவர் கையில் தளும்பத் தளும்ப டீ இருந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. இதை அவர் சொல்லமாட்டார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் சொல்லுவான். கண்டக்டர் அவருடைய மனைவியின் தம்பி என்பதால் அதில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதியே பெரிய விஷயம்தான்.

அன்றைக்குப் பணிமனை மேலாளர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். வருஷத்துக்கு ஒருமுறைதான் தூக்குவார். எதிரே ஓட்டுநர் நின்றது விதி.

"கண்ல என்னய்யா?"

"கட்டி சார். ரெண்டு நாள்ல போயிடும்."

"போகட்டும். போயிடுச்சுன்னு மருத்துவமனையில தகுதிச் சான்றிதழ் வாங்கிட்டு வா. கண்ணு விஷயம். முப்பது நாள் டைம். அதுவரைக்கும் மாற்று ஓட்டுநர் ஓட்டட்டும்."

"அதுக்குள்ள வரலைன்னா?"

"பதினாலு மாற்று ஓட்டுநருக்கே. உனக்கு வாசல் கம்பம்."

வாசல் கம்பம் என்பது பணிமனை வாசலில் குறுக்கே கிடக்கும் கம்பம். பஸ் வந்தால் கயிற்றை இழுத்துத் தூக்க வேண்டும். போனதும் இறக்க வேண்டும். அதை இப்போது தூக்கிக்கொண்டிருப்பவரும் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர்தான். ஒவ்வொரு பஸ்ஸின் முதுகையும் அவர் பார்க்கும் பார்வையைப் பார்த்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மாற்று ஓட்டுநரைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். அவர் பட்டப்பெயர் சடன்பிரேக்.

மருத்துவமனையில் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் பதிவு எழுத்தர் இருந்தார். மிகவும் மரியாதையான மனிதர். கம்ப்யூட்டரில் அவர் விரல் ஒருமுறை பட்டால் ஒரு 'டக்' கேட்கும். ஒரு 'டக்' என்றால் ஒரு நோய்க் குறியீடு என்று அப்போது ஓட்டுநருக்குத் தெரியாது. பஸ் அங்கே இருபது நிமிஷம் நிற்கும் என்பதால் கண்டக்டரும் கூடவே வந்திருந்தான்.

"என்ன தொந்தரவு?"

"கண்ல கட்டி சார்."

எழுத்தர் நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தார். டக்.

"வீக்கம் இருக்கா?"

"கட்டின்னா வீங்கித்தானே சார் இருக்கும்?"

டக்.

"வலி? சிவப்பு? நீர் வடியுதா?"

"லேசா."

டக், டக், டக்.

"வெளிச்சம் பட்டா கூசுதா?"

"வெயிலைப் பார்த்தா யாருக்குத்தான் கூசாது?"

டக்.

"தூக்கம்?"

"நேத்து பக்கத்து வீட்டு நாய் குரைச்சுக்கிட்டே இருந்தது."

டக்.

"கட்டி உருவானப்போ எங்க இருந்தீங்க, என்ன செஞ்சுட்டிருந்தீங்க?"

ஓட்டுநர் யோசித்தார். "டிரைவர் சீட்ல உட்கார்ந்துதான் இருந்திருப்பேன். பஸ்ஸை நின்னுக்கிட்டு ஓட்ட முடியாதே."

டக். கொஞ்சம் யோசித்து இன்னும் இரண்டு டக்.

"குடும்பத்துல யாருக்காவது இது வந்திருக்கா?"

ஓட்டுநர் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான். "எனக்கு வந்திருக்கு சார். மூணாம் கிளாஸ் படிக்கறப்போ. இந்தா, இவ்வளவு பெருசு!"

டக்.

தாள் வெளியே வந்தது. பதினொரு வரி. ஓட்டுநர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், வேற யாரோ ரொம்ப முடியாதவரோட தாள் மாறி வந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

"உங்களோடதுதாங்க" என்றார் எழுத்தர் கனிவாக. "உடம்பைப் பார்த்துக்குங்க."

கண் டாக்டரம்மா இமையைப் புரட்டி அரை நிமிஷம் பார்த்தார். "கண்கட்டி. வெந்நீர்ல துணியை நனைச்சு ஒத்தடம் கொடுங்க. கசக்காதீங்க. போயிடும்." தாளின் அடியில் 'வலது மேல் இமை, கட்டி' என்று தன் பங்குக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே இருந்த பதினொரு வரியை அவர் படிக்கவில்லை. படிக்கிற டாக்டர்கள் வெளியே பெஞ்சில் இருப்பவர்களைப் பார்க்க முடியாது.

"பன்னெண்டும் போயிடுமா டாக்டர்?"

"கட்டி போயிடும்" என்றார் அவர். "மத்ததுக்கு நான் பொறுப்பில்லை."

திங்கட்கிழமை கட்டி போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஓட்டுநர் சான்றிதழுக்காகப் போனபோது குறியீட்டுப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பிரிவின் தலைவர் குறியீட்டு அதிகாரி. அவருடைய அறைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. அதில் ஒரு கோடு இடது மூலையில் தரையில் கிளம்பி வலது மூலையில் கூரைக்குப் போயிருந்தது. மேசைமேல் தலையணை தடிமனில் குறியீட்டுப் புத்தகம். ஓட்டுநரின் கோப்பைப் பார்த்ததும் அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்தக் கண்கட்டி நீங்கதானா! உட்காருங்க, உட்காருங்க. ஒரே கட்டியில பன்னெண்டு! எங்க பிரிவு ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படி ஒரு கோப்பு வந்ததில்லை. முந்தியெல்லாம் எப்படித் தெரியுமா? ஒரு ஆளு, ஒரு நோய். அவ்வளவுதான். என்ன வறுமை! காய்ச்சல்னு வருவான், காய்ச்சல்னு எழுதுவோம், காய்ச்சல் போனதும் அவனும் போயிடுவான். எங்களுக்குன்னு என்ன மிஞ்சும்? இப்ப அந்தக் கோட்டைப் பாருங்க. தலைக்கு ரெண்டா இருந்தது எட்டாயிருக்கு. வர்றவங்க அதே ஜனங்கதான். நோய்தான் வளர்ந்திருக்கு. எதிர்க்கரை மருத்துவமனையில இன்னும் ஆறுலயே முக்கிக்கிட்டு இருக்காங்க."

"சார், எனக்குக் குணமாயிடுச்சு."

"சந்தோஷம். குணமாகறது உங்க வேலை. குறிக்கறது எங்க வேலை. ஒண்ணுல ஒண்ணு தலையிடக் கூடாது." அவர் கோப்பைத் தட்டினார். "ஒவ்வொரு குறியீட்டையும் அந்தந்தப் பிரிவுல காட்டி, 'இருந்தது, இப்போது இல்லை'ன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. பன்னெண்டும் மூடினா அன்னைக்கே சான்றிதழ்."

"ஒரு கட்டி போனா எல்லாம் போன மாதிரிதானே சார்?"

"அப்படிப் பார்த்தா, ஒரு ஆளு செத்தா அவனுக்கு இருந்த எல்லாமும் போயிடும். அதுக்காக அதையெல்லாம் குணம்னு எழுத முடியுமா?"

ஓட்டுநர் கோப்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் அந்த அறைக்கு வந்ததாகத் தகவல் இல்லை.

பஸ் வாசலில் நிற்கிற இருபது நிமிஷத்தில் உள்ளே வந்திருந்த கண்டக்டரை அதிகாரி அடையாளம் கண்டுகொண்டார். "நான் தினம் உங்க பதினாலுலதான் வரேன்ப்பா. இப்ப ஒருத்தன் ஓட்டறானே, யாருய்யா அவன்? நேத்து முன் சீட்டுக் கம்பியில நெத்தி போய் மோதிடுச்சு, பாரு."

"அய்யய்யோ. ஜன்னல்ல பதிஞ்சீங்களா சார்?"

"சேச்சே! வெறும் வீக்கம். ரெண்டு நாள்ல போயிடும்."

அடுத்த இரண்டு வாரம் ஓட்டுநர் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு தடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். வலிக்கு வலிப் பிரிவு. சிவப்புக்குத் தோல் பிரிவு. கூச்சத்துக்காக ஒரு இருட்டறையில் உட்கார்த்தி விளக்கைப் போட்டார்கள். கண்ணை மூடாமல் இருந்ததால் மூடினார்கள், கோப்பை. தூக்கத்துக்காக இருந்த பிரிவில் வரிசை அவ்வளவு நீளம். உட்கார்ந்தபடியே அவர் தூங்கிப்போக, வந்து பார்த்த டாக்டர் எழுப்பாமலேயே 'இப்போது இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். 'டிரைவர் இருக்கை' என்பதைத் தொழில் நோய்ப் பிரிவில், இப்போது அந்த இருக்கையில் சடன்பிரேக் உட்கார்ந்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக மூடிக் கொடுத்தார்கள். ஓட்டுநருக்கு அது மட்டும் கொஞ்சம் வலித்தது. வலிப் பிரிவு ஏற்கனவே மூடியிருந்ததால் வெளியே சொல்லவில்லை.

'உட்கார்ந்த நிலை' எலும்புப் பிரிவுக்குப் போயிற்று.

"எழுந்திருங்க" என்றார் எலும்பு டாக்டர்.

ஓட்டுநர் எழுந்தார்.

"முடிஞ்சது. அடுத்த ஆள்."

குடும்ப வரலாற்றுக்காகக் கண்டக்டரை வரச்சொன்னார்கள். மூணாம் கிளாஸ் கட்டி ஆறிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். கண்டக்டர் மனைவியின் தம்பிதானே, ரத்த சம்பந்தமில்லையே என்று ஓட்டுநர் சொன்னதற்கு, "சொந்தத்தை இப்ப விட்டுக்கொடுக்காதீங்க, கோப்பு சிக்கலாயிடும்" என்று அங்கிருந்த அம்மா கேட்டுக்கொண்டார்.

வீட்டில் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஏங்க, உப்புக்கல்லுக்குப் பெறாத ஒரு கட்டி. நான் ரெண்டு வேளை ஒத்தடம் கொடுத்தேன், போச்சு. இவங்க இத்தனை பேர் சேர்ந்து எதைத்தான் குணப்படுத்தறாங்க?"

"கோப்பை" என்றார் ஓட்டுநர்.

இருபதாம் நாள் பதினொன்று மூடியாகிவிட்டது. மிச்சம் ஒன்று. அது என்னவென்று அன்றைக்குத்தான் அவர் நிதானமாகப் படித்தார். முதல் வரி. 'இடது மேல் இமை, கட்டி.'

அவர் இடது கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அதில் தூசு விழுந்ததைத் தவிர வேறெதுவும் நடந்ததில்லை.

பதிவு ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, எழுத்தர் வேலை செய்வதை ஒரு மணி நேரம் பார்த்தார். ஒரு அம்மா வலது காதைப் பிடித்துக்கொண்டு வந்தார். எழுத்தர் நிமிர்ந்து நேராகப் பார்த்தார். அந்தக் காது அவருடைய இடது கைப்பக்கம் இருந்தது. இடது. டக். அடுத்தவருக்கு இடது முழங்கை. வலது. டக். ஓட்டுநருக்கு விளங்கிவிட்டது. பத்தொன்பது வருஷமாக அவர் ஜனங்களின் முகத்தைத் தலைக்குமேல் இருக்கும் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார். பஸ்ஸில் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்காருகிறார்கள். அவருக்கு வலது என்றால் அவர்களுக்கும் வலது. இந்த எழுத்தர் வந்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷமாக ஊர்ஜனத்தின் வலதெல்லாம் இடது, இடதெல்லாம் வலது. பிறகு டாக்டர்கள் சரியான பக்கத்தையும் எழுதிவிடுவதால் எல்லாருக்கும் இரண்டு பக்கமும் நோய். கூரைக்குப் போன அந்தக் கோட்டில் பாதி இப்படித்தான் ஏறியிருக்க வேண்டும்.

அவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு கண் டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"இடது கண்ல உங்களுக்குக் கட்டியே வரலையே" என்றார் டாக்டரம்மா.

"ஆமா டாக்டர். அதனால 'இருந்தது, இப்போது இல்லை'ன்னு ஒரு வரி..."

"இல்லைங்கறது சரி. இருந்ததுன்னு எப்படி எழுதுவேன்? பார்க்காத கட்டியை ஆறிடுச்சுன்னு இன்னைக்கு எழுதினா, பார்க்காத ஆளைச் செத்துட்டான்னு நாளைக்கு எழுதச் சொல்லுவாங்க." அந்த மருத்துவமனையில் நேர்மையான டாக்டர் அவர் ஒருவர்தான், ஓட்டுநரின் போதாத காலம், அவரிடம்தான் போய் மாட்டினார்.

அங்கிருந்து அதிகாரியிடம்.

"எழுத்தர் தப்பாப் போட்டுட்டார் சார். அதை அழிச்சுட்டா முடிஞ்சது."

அதிகாரி பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். "குறியீட்டை அழிக்க முடியாதுங்க. குணப்படுத்தத்தான் முடியும்."

"இல்லாத கட்டியை எப்படி சார் குணப்படுத்தறது?"

"அது மருத்துவப் பிரச்சினை. டாக்டரைக் கேளுங்க."

கண்டக்டருக்கு அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், இவ்வளவு பெரிய புத்தகம் வச்சிருக்கீங்களே. எழுத்தர் தப்பாப் பதிஞ்சதுன்னு ஒரு குறியீடு அதுல இருக்குமே. அதைப் போட்டுடலாமே?"

அதிகாரி சிரித்தார். "இதுல எல்லாமே இருக்கு தம்பி. எழுபதாயிரத்துக்கு மேல. வாத்து கடிச்சா ஒண்ணு, அதே வாத்து மறுபடி கடிச்சா ஒண்ணு. சலூன் நாற்காலியிலேர்ந்து விழுந்தா ஒண்ணு. விழுந்தவன் மேல இன்னொருத்தன் விழுந்தா..." சொல்லிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் போனார், முன்னால் வந்தார். சிரிப்பு மெதுவாக இறங்கியது. "இதுமட்டும் இல்லை" என்றார். பிறகு தெளிந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லைன்னா என்ன அர்த்தம்? அப்படி ஒண்ணு நடக்கறதே இல்லைன்னு அர்த்தம்."

திரும்பி வரும்போது பணிமனை வாசலில் கம்பம் தூக்குகிறவர் ஓட்டுநரைப் பார்த்து, கயிற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுவதுபோல் நகர்ந்து நின்றார். அந்த நகர்வுதான் ஓட்டுநரை முடிவெடுக்க வைத்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார். "இடது கண்ல ஒரு கட்டி வரவழைக்கணும்."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க பேசறீங்க?"

"வந்தாத்தானே போகும்? போனாத்தானே மூடுவாங்க?"

"அக்கா, மாமா சொல்றதுல நியாயம் இருக்கு" என்றான் கண்டக்டர்.

"நீ பேசாத. மூணாம் கிளாஸ் கட்டியைக் கொண்டுபோய் ஜன்னல்ல நீட்டினவன்தானே நீ!"

கட்டி வேண்டாம் என்கிறவனுக்கு வரும். வேண்டுகிறவனுக்கு லேசில் வருமா? கைகளைக் கழுவாமல் கசக்கினார். தலையணை உறையை மாற்றவிடவில்லை. பணிமனையின் பழைய துடைப்புத் துணியால் இமையை ஒத்தினார். தினமும் காலையில் மனைவி டார்ச் அடித்து இமையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். ஓட்டுநருக்கு இரவெல்லாம் கவலை, வலது பக்கம் வந்து தொலைத்துவிடுமோ என்று. இருபத்தைந்தாம் நாள் காலை அவள் டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"வந்துடுச்சுங்க" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு கட்டியை அந்த வீட்டில் யாரும் வரவேற்றதில்லை.

ஆனால் டாக்டரம்மாவிடம் போக ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தால் இடது வலதாகிவிடும், மூடிய வலது கண் திறந்துகொள்ளும், எல்லாம் முதலிலிருந்து. ஓட்டுநர் ஜன்னலுக்கு முன்னால் இருந்த ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, எழுத்தருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பஸ்ஸில் உட்காருகிற மாதிரி, இருவரும் ஒரே திசையைப் பார்த்து. இடது கையைத் தூக்கி இடது கண்ணைத் தொட்டார்.

"இந்தப் பக்கம் கட்டி சார்."

"கொஞ்சம் முகத்தைக் காட்டுங்களேன்."

"முகத்தைக் காட்டித்தான் சார் இவ்வளவும்."

எழுத்தர் அந்தக் கையைப் பார்த்தார், தன் இடது கையைப் பார்த்தார். டக். இடது.

"வலிக்குதா?"

"இல்லை."

"சிவப்பு, கூச்சம், தூக்கமின்மை?"

"இல்லை, இல்லை, இல்லை."

"குடும்பத்துல யாருக்காவது?"

"எனக்குக் குடும்பமே இல்லை சார்."

"ஆமா சார்" என்றான் பின்னால் நின்ற கண்டக்டர். "இவரை நான் பார்த்ததே இல்லை."

எழுத்தர் அந்த முதுகை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டக், டக் என்று இரண்டு கேட்டது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு ஓட்டுநர் எழுந்து ஓடினார்.

டாக்டரம்மா கட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் 'இருந்தது' என்று எழுதினார். மனைவி வீட்டில் மணிக்கு ஒருமுறை ஒத்தடம் கொடுத்தாள். முப்பதாம் நாள் காலையில் கட்டி போயிருந்தது. 'இப்போது இல்லை.' அதிகாரி பெருமூச்சோடு சான்றிதழில் முத்திரை குத்தினார். கைவிட்டுப் போகும் பொக்கிஷத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஓட்டுநர் சான்றிதழைப் படித்தார். 'மூடிய குறியீடுகள் 12. மொத்தக் குறியீடுகள் 14.' கடைசி இரண்டு வரிகள் புதியவை. 'அலுவலருக்கு முதுகு காட்டும் நடத்தை. குடும்பமற்ற நிலை.' மனநலப் பிரிவு, வியாழக்கிழமை மட்டும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கண்டக்டரும் எட்டிப் பார்த்தான். "பதினாலு" என்றான் மெதுவாக. "நம்ம நம்பர், மாமா." அதற்குமேல் அவனாலும் சிரிக்க முடியவில்லை. சடன்பிரேக் பள்ளிக்கூட வளைவில் திருப்பியதில் இருவரும் கம்பியில் மோதிக்கொண்டார்கள்.

பணிமனை மேலாளர் சான்றிதழை வாங்கினார். முத்திரையைத் தேடினார், இருந்தது. பிறகு அவர் பார்வை தாளில் மெல்ல இறங்கியது. ஓட்டுநர் ஜன்னல் வழியாக வாசல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினாலுன்னு போட்டிருக்கான்" என்றார் மேலாளர். "உன் பஸ் பதினாலுதானே?"

"ஆமா சார்."

"சரியா இருக்கு. போய் வண்டியை எடு."

மறுநாள் காலை பள்ளிக்கூட வளைவில் ஒருவர் கையிலும் டீ சிந்தவில்லை. பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் குறியீட்டு அதிகாரி ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். ஓட்டுநர் தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் பார்த்தார். வலது கண்.

"கட்டியா சார்?"

"சின்னது. வெறும்... வீக்கம்" என்றார் அதிகாரி. "ஆனா இன்னைலேர்ந்து ஊழியர்களும் பதிஞ்சாத்தான் உள்ள விடணும்னு மேலேர்ந்து உத்தரவு வந்துடுச்சு. நான்தான் எழுதிக் கேட்டிருந்தேன்."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தான். மருத்துவமனை வாசலில் பஸ் ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது. அதிகாரி இறங்கப்போனார். ஓட்டுநருக்கு மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் தினம் வருகிற பயணி.

"சார்" என்று கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னார். "ஜன்னல்ல முதுகைக் காட்டி உட்காருங்க. வியாழக்கிழமை நானும் வரேன், சேர்ந்தே மூடிக்கலாம்."